கருங்காலிமேட்டில் யானை ஒன்று

ஓரிக்கை, காஞ்சிபுரம் வழி
20 ஜனவரி 1972

ரோமாபுரியில் கொலு வீற்றிருந்து, ஏழு கண்டத்துக் காடுகளையும் விரல்விட்டு எண்ணிவரும் மருமகள் செல்வி காந்தாவுக்கு, வனத்துறைச் சரக ஆபீஸ் குமாஸ்தாவும் உன் ஏக தாய்மாமனுமாகிய தணிகாசலம் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது.

முதலில் ஒரு சத்தியம். கற்பூரத்தை அணைத்துச் சொல்கிறேன்: இனி நான் எழுதப்போகும் கதையை இந்தப் பூலோகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நீ முதல் ஆளாக நம்பமாட்டாய். அதன் காரணத்தை இரண்டு வருஷமாகக் கடிதமே போடாமல் எனக்கு நன்றாக விளக்கிவிட்டாய். அரக்கோணத்து மாப்பிள்ளை வீட்டாரிடம் உனக்கு நாற்பது ஏக்கர் மாந்தோப்பு உண்டென்று சொன்னவன் நான்தான். அவர்கள் வண்டி கட்டிக்கொண்டு தோப்பைப் பார்க்கவே வந்துவிடுவார்கள் என்று கண்டேனா? கொல்லையில் நின்ற நாலு மாமரத்தையும் பார்த்துவிட்டுச் சம்பந்தம் வேண்டாமென்று போய்விட்டார்கள். நாலை நாற்பதென்பது பெண் வீட்டாரின் பிறப்புரிமை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். போகட்டும்.

கதை இது. நம் ஊருக்கும் பாலாற்றுக்கும் நடுவே கருங்காலிமேடு காப்புக்காடு இருக்கிறதல்லவா, களாவும் சூரையும் வெப்பாலையுமாக, ஆடு நுழைந்தால் தோலை உரித்து வெளியே அனுப்புகிற புதர்க்காடு? போன வாரம் அதற்குள் லாரிகள் வந்தன. எத்தனை? நூறு என்று எழுதக் கை துடிக்கிறது. மூன்று. கூடவே கோடரிக்காரர்கள் நாற்பது பேர், ஒரு காண்டிராக்டர், அவர் சட்டைப் பையில் ஒரு காகிதம். ஒரு காகித ஆலைக்காக வருஷத்துக்கு முந்நூற்றிருபது ஏக்கர் வெட்டிக்கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. வெட்டினாலும் குறையாத காடாம் இது. உலக நிபுணர்களே சொல்லிவிட்டார்களாம். காந்தா, அந்தக் காடு மொத்தமும் நானூறு ஏக்கர் தேறினால் அதிகம். அடுத்த பொங்கலுக்கு அங்கே நிழலே இருக்காது.

பொன்னியம்மாளை உனக்கு நினைவிருக்கும். சுள்ளி பொறுக்கி, தலைச்சுமையாகக் கட்டி, பிள்ளையார்பாளையத்தில் பட்டு அவிக்கிற சாயப்பட்டறைகளுக்குக் கொண்டுபோய் விற்பாளே, அவள்தான். அவளையும் அவளோடு போகிற முப்பது பெண்களையும் காவல்காரன் காட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டான். லாரி போகிறது, சுள்ளி போகக்கூடாது.

உலகத்தின் காட்டுக்கெல்லாம் கணக்கு வைக்கிற சபையில் நீ இருக்கிறாய். எங்கேயோ யாரோ ஒரு மடையன் தப்பாக எண் எழுதியிருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லி நிறுத்து.

உன் அம்மா, என் அக்கா மணியம்மாள், சுகம். நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

தணிகாசலம்

ரோம்
4 பிப்ரவரி 1972

மாமாவுக்கு,

அம்மாவுக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்துதான் உறையைப் பிரித்தேன்.

நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை. ஆனால் அதில் எண்கள் இருந்தன. எண்ணைச் சரிபார்ப்பது என் வேலை. சரிபார்த்தேன்.

ஒவ்வொரு தேசமும் தன் காட்டுக் கணக்கை எங்களுக்கு அனுப்புகிறது. நாங்கள் கூட்டிப் புத்தகமாக அச்சிடுகிறோம். ஒரு காடு ஒரு வருஷத்தில் எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவுதான் வெட்டலாம் என்பது இங்கே எல்லா நாடுகளும் தலையாட்டிய விதி. நல்ல விதி. அதற்கு வளர்ச்சியின் கணக்கு சரியாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பேரேட்டில் கருங்காலிமேடு 11,760 ஏக்கர். 1953-லிருந்து வருஷம் தவறாமல் முந்நூற்றிருபது ஏக்கர் வளர்ந்திருக்கிறது. உலகத்தில் பாதிக் காடுகள் தேய்ந்துகொண்டிருக்கும்போது, செங்கல்பட்டு ஜில்லாவில் ஒன்று மட்டும் வளர்பிறையாக இருக்கிறது. எங்கள் மேலதிகாரி அதன் வரைபடத்தைத் தன் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறார். அக்டோபரில் அர்ஜென்டினாவில் நடக்கும் உலக வன மாநாட்டில் அதை முன்மாதிரி என்று காட்டப்போகிறார். அதற்காக மூலப் படிவங்களையே வரவழைத்திருக்கிறார். பத்தொன்பது தாள்.

நேற்றுத்தான் அவற்றைக் கையில் எடுத்தேன். ஒவ்வொரு தாளின் உச்சியிலும் ஒரு சின்ன 'உ'. எங்கள் பிரிவில் அதை இரண்டு என்று படித்துவிட்டு, இரண்டாவது அடிக்குறிப்பு எங்கே என்று ஒரு வாரம் தேடினார்களாம். அரசாங்கத்தின் இங்கிலீஷ் படிவத்துக்குப் பிள்ளையார் சுழி போடுகிற குமாஸ்தா எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

தாளின் கடைசியில் வனவிலங்குப் பத்தியில் 'யானை - 1' என்று வேறு இருக்கிறது. ஏழு வயதில் என்னைத் தோளில் உட்காரவைத்துக் கருங்காலிமேட்டில் யானை காட்டியதாக ஊரெல்லாம் அளந்தீர்களே, அந்தப் பொய்யைச் சர்க்காருக்கும் விற்றுவிட்டீர்களா?

நீங்கள் சொல்லும் மடையன் நீங்கள்தானா? ஆம் அல்லது இல்லை என்று மட்டும் எழுதுங்கள்.

காந்தா

ஓரிக்கை
19 பிப்ரவரி 1972

மருமகளுக்கு,

ஆம்.

நீ கேட்டபடி ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன். என் ஐம்பத்தைந்து வருஷத்தில் இவ்வளவு சின்னக் கடிதம் எழுதியதில்லை. மீதிக் காகிதம் வீணாகக் கூடாது என்பதால் மேற்கொண்டு எழுதுகிறேன்.

1953-ல் இந்தப் படிவம் ரோமிலிருந்து டில்லிக்கும், டில்லியிலிருந்து மதராஸுக்கும், அங்கிருந்து செங்கல்பட்டுக்குமாகப் பட்டணப் பிரவேசம் வந்து, கடைசியில் என் மேஜையில் இறங்கியது. பழைய ரிஜிஸ்தரை எடுத்தேன். உள்ளே கறையான்கள் குடும்பம் குடும்பமாகக் கல்யாணமே நடத்திக்கொண்டிருந்தன. ரேஞ்சரிடம் போய் நின்றேன். "சாயங்காலம் ஜீப் போவுது, ஒரு ஆறாயிரம்னு போடுபா" என்றார். அவர் இப்போது பரலோகத்தில் சரகம் பார்க்கிறார். ஆறாயிரம் போட்டேன்.

அடுத்த வருஷம் நல்ல பிள்ளையாக ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் என்று எழுதினேன். எதிரே இருந்த ஹெட் கிளார்க் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னாபா தணிகாசலம், கொறைச்சு எழுதினா மெமோ வரும் தெரியுமா? நூறு ஏக்கரு எங்க போச்சுன்னு மேல இருந்து கேப்பான். நீயா வெளக்கம் எழுதுவ?" எங்கள் ஆபீஸில் அதுதான் வேதம், காந்தா. குறைந்தால் விளக்கம் எழுதவேண்டும். கூடினால் ஒருத்தரும் கேட்பதில்லை. உலகம் பூராவும் அப்படித்தானோ என்னவோ, நீதான் சொல்லவேண்டும்.

அப்போதே முந்நூற்றிருபது கூட்டினேன். ஏன் முந்நூற்றிருபது? வெறும் முந்நூறு பொய் மாதிரி இருந்தது. இருபது சேர்த்ததும் யாரோ வெயிலில் நின்று சங்கிலி பிடித்து அளந்ததுபோல் ஒரு களை வந்துவிட்டது. அதற்கப்புறம் வருஷா வருஷம் அதே கூட்டல். நடுவில் கொஞ்சம் தேக்கு வைத்தேன். 1960-ல் சந்தனம் வைத்தேன். மேஜையைவிட்டு எழுந்திருக்காமல் ஒருத்தன் இவ்வளவு மரம் நட்டதாக நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? அது யாருக்கும் தீங்கில்லாத காடு என்றே நினைத்திருந்தேன்.

இப்போது நீயே ஒரு ரப்பரை எடுத்து அந்த எண்ணை அழித்துவிடேன். ரோமில் ரப்பர் கிடைக்காதா என்ன?

யானையைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்காதே.

தணிகாசலம்

ரோம்
6 மார்ச் 1972

மாமாவுக்கு,

ரப்பர் கிடைக்கிறது. உரிமை கிடையாது. ஒரு தேசம் கொடுத்த எண்ணை அந்தத் தேசம்தான் மாற்றமுடியும். நாங்கள் கை வைத்தால் நாளைக்கு ஒரு தேசமும் எங்களுக்குக் கணக்குத் தராது. ஆகையால் எழுதியவர் கையெழுத்துப் போட்டு, எழுதியதெல்லாம் கற்பனை என்று மதராஸ் தலைமை ஆபீஸுக்கு வாக்குமூலம் தரவேண்டும். அதன் நகல் இங்கே வரவேண்டும். புத்தகம் ஜூன் பதினைந்தாம் தேதி அச்சுக்குப் போகிறது. அச்சாகிவிட்டால் பத்து வருஷத்துக்கு அதுதான் உண்மை.

தீங்கில்லாத காடு என்கிறீர்கள். உங்கள் பேனாவில் வளர்ந்ததைத்தான் இப்போது கோடரி வெட்டுகிறது. இருக்கும் நானூற்றில் இந்த வருஷமே எண்பதுதான் மிஞ்சும். அடுத்த தையில் காண்டிராக்டர் மறுபடி முந்நூற்றிருபது கேட்பார். நீங்கள் காகிதத்தில் போட்டுவைத்த எல்லைக்குள் என்னென்ன இருக்கிறது? அம்மன் கோயில் தோப்பு இருக்கிறது. வரப்பு வேம்பு இருக்கிறது. நம் கொல்லையிலிருக்கும் அந்த நாலு மாமரமும் இருக்கிறது. எல்லாம் காடு என்று எழுதியிருக்கிறதே, விடுவார்களா?

நீங்கள் ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம்தான் என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டால் பென்ஷன் போகலாம். அம்மாவும் உங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறாள். தெரிந்துதான் கேட்கிறேன்.

இன்னொன்று. அந்தத் தாள்களை எழுதியவர் என் தாய்மாமன் என்று மேலதிகாரியிடம் நானே சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் வணக்கத்துக்கு மேல் பேசுவதில்லை. இங்கே என் வேலை ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. நீட்டிப்பது அவர் கையில் இருக்கிறது.

வாக்குமூலத்தில் ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். தேக்கு, சந்தனம், யானை, எல்லாம்.

காந்தா

ஓரிக்கை
24 மார்ச் 1972

மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்று எனக்கு நூற்றுப் பத்து டிகிரி காய்ச்சல். டாக்டர் வைத்த தர்மாமீட்டர் உருகி ஓடிவிட்டது. அதனால் இரண்டு நாள் எழுதமுடியவில்லை. அடுத்த இரண்டு நாள் பேனாவில் மை இல்லை. காஞ்சிபுரத்திலேயே மை இல்லை என்று கேள்வி.

பயந்துவிட்டேன் என்று எழுதினால் நம்புவாயா?

திங்கட்கிழமை ஆபீஸ் வாசலில் பொன்னியம்மாள் நின்றாள். தலையில் சும்மாடு மட்டும் இருந்தது, சுமை இல்லை. வெட்டு முடிந்த இடத்தில் விழுந்து கிடந்த சுள்ளியைப் பொறுக்கினாளாம். காவல்காரன் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, காட்டுத் திருட்டு என்று பேரெழுதிக்கொண்டு விட்டுவிட்டான்.

"இன்னா சாமி நாயம் இது? லாரிக்காரன் மரத்தையே பேத்துக்கினு போறான், நான் காஞ்ச குச்சிய எடுத்தா திருடியா?"

"அது பெரிய காடாம், பொன்னி. பதினோராயிரம் ஏக்கராம்" என்றேன்.

"எவன் சொன்னான்?"

ஒரு நிமிஷம் ஆபீஸ் கூரையைப் பார்த்தேன். "நான்தான். வருஷா வருஷம் வளருதுன்னு எழுதிட்டு வந்தேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். அவள் சிரித்தாள். சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எழுதினா வளருதா சாமி? அப்ப எனக்கும் ஒரு நாலு கட்டு வெறகு எழுதிக் குடு. சாயக்காரங்க காத்துக்கினு இருக்காங்க" என்றாள். பக்கத்தில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். பிறகு நடந்து போய்விட்டார்கள்.

அன்று மத்தியானமே எழுதினேன். பிள்ளையார் சுழி போட்டு, ஆறாயிரத்தில் ஆரம்பித்து, முந்நூற்றிருபதைச் சொல்லி, தேக்கு சந்தனம் எல்லாவற்றையும் என் கையாலேயே வெட்டிச் சாய்த்தேன். கையெழுத்துப் போட்டபோது கை கல்தூண் மாதிரி அசையாமல் இருந்தது. ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். உனக்கும் நகல் வருகிறது.

அக்காவிடம் சொன்னேன். "சோறு வடிக்கணும், அப்பால பேசலாம்" என்றாள்.

தணிகாசலம்

ரோம்
20 ஏப்ரல் 1972

மாமா,

என்ன காரியம் செய்துவிட்டீர்கள்?

உங்கள் வாக்குமூலத்தைப் பற்றி மேலிடத்திலிருந்து எங்களுக்குப் பதில் வந்துவிட்டது. "மேற்படி குமாஸ்தா எதையும் மிகைப்படுத்திச் சொல்லும் வழக்கமுள்ளவர் என்று சக ஊழியர்கள் அனைவரும் தெரிவிக்கிறார்கள். வாக்குமூலத்தின் கடைசி வரியிலும் 'யானை ஒன்று உண்டென்பது மட்டும் உண்மை' என்று எழுதியிருக்கிறார். ஆகவே இதை ஒரு வேடிக்கையாகக் கொண்டு, முந்தைய எண்களே சரியென உறுதி செய்யப்படுகிறது."

பதினெட்டு வருஷம் நீங்கள் எழுதிய பொய்யை எல்லோரும் நம்பினார்கள். ஒரு நாள் எழுதிய உண்மையை ஒருவர்கூட நம்பவில்லை. அதற்கும் காரணம் அந்த ஒரு வரி. யானையை அடிக்கச் சொன்னேனே! ஒரே ஒரு கோடு போட்டிருந்தால் போதும். இவ்வளவையும் விட்டுக்கொடுத்த மனுஷர் அந்த ஒரு யானையை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?

மேலதிகாரியிடம் மன்றாடினேன். கடைசி வாய்ப்பாக, டேராடூனுக்குப் போகும் எங்கள் நிபுணர் ஒருவர் மே ஆறாம் தேதி கருங்காலிமேட்டுக்கு வருவார். நேர்மையான மனிதர். கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதுவார். நீங்கள் ஒன்றும் பேசவேண்டாம். காட்டை அவர் பார்க்கட்டும், அதுவே பேசும். உங்கள் வாய் மட்டும் மூடியிருக்கட்டும். இதை உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

காந்தா

ஓரிக்கை
9 மே 1972

மருமகளே,

மூடியிருந்தேன். சத்தியமாக மூடியிருந்தேன். என் வாய் சரித்திரத்திலேயே அது ஒரு பொற்காலம்.

உன் நிபுணர் வந்தார். பனைமரத்துக்குத் தொப்பி வைத்த மாதிரி உயரம். கழுத்தில் ஒரு காமிரா. இப்போதிருக்கும் ரேஞ்சர் அவரை ஜீப்பின் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு, என்னைப் பின்னால் ஸ்டெப்னி டயரோடு போட்டார். எண் குறைந்தால் ரேஞ்சர் பாடும் திண்டாட்டம்தான். ஆகவே வெட்டு நடக்கும் மேற்குப் பக்கத்தைத் தொடாமல், கிழக்குப் பக்கத்துப் புதரையே மூன்று தரம் சுற்றினார். ஒரு தரம் கரையோரமாகப் போனோம். ஒரு தரம் வண்டிப்பாதையில் போனோம். ஒரு தரம் பின்பக்கமாகத் திரும்பி வந்தோம். ஒரே களாப்புதரை நான் ஆறு முறை பார்த்தேன். ஏழாவது முறை அது எனக்குக் கும்பிடு போட்டது.

ஆனால் மனிதர் ஏமாறவில்லை, காந்தா. நாலாவது சுற்றில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். தரையில் இருந்த எங்கள் டயர் தடத்தைக் குனிந்து பார்த்தார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது புதர் அசைந்தது.

யானை வந்தது.

கோடையில் குளம் வற்றினால், சின்ன காஞ்சிபுரத்துப் பெருமாள் கோயில் யானையைப் பாலாற்று ஊற்றில் குளிப்பாட்ட இந்த வழியாகத்தான் ஓட்டிப்போவார்கள். பாகன் குப்புசாமி பீடி பற்றவைக்க எங்கோ பின்தங்கிவிட்டான். மணி இல்லை, நெற்றிப்பட்டம் இல்லை, சங்கிலி புல்லுக்குள் மறைந்திருந்தது. உடம்பெல்லாம் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, ஆதி காலத்திலிருந்து நேராக நடந்து வருகிற மாதிரி வந்தது. உன் நிபுணர் ஜீப்பின் மேல் ஏறி நின்றார். காமிரா டிக் டிக் என்றது. "யானை உலவுகிற காடு பத்தாயிரம் ஏக்கருக்குக் குறையாது" என்று ரேஞ்சரிடம் இங்கிலீஷில் சொல்லி அவர் கையைக் குலுக்கினார்.

அதற்கு மேல் முடியவில்லை. வாயைத் திறந்தேன். "ஐயா, அது கோயில் யானை ஐயா! பெருமாளோடது!" என்று கத்தினேன். ரேஞ்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கண்டுக்காதீங்க சார், இவரு கதை சொல்ற ஆளு" என்றார். நிபுணர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். உன்னைப் பற்றியும் என்னைப் பற்றியும் ரோமில் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள் போல. ஜீப் கிளம்பிவிட்டது.

மேற்குப் பக்கம் நூறு ஏக்கருக்கு மேல் மொட்டை. வெட்டின அடிமரங்கள் வெயிலில் வெள்ளை வெள்ளையாக நிற்கின்றன. இதை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

என்னால் இனி ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

தணிகாசலம்

ரோம்
8 ஜூன் 1972

அன்புள்ள மாமா,

நிபுணர் அனுப்பிய படச்சுருளைக் கழுவிப் பெரிதாக்கி, புத்தகத்தின் அட்டைக்கே போடலாம் என்று எடுத்து வந்தார்கள். எங்கள் பிரிவே கூடி நின்று பார்த்தது. கருங்காலிமேட்டின் காட்டு யானை!

நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். உடம்பெல்லாம் மண். ஆனால் நெற்றியில், மண்ணுக்கு அடியில், மங்கலாக ஒரு நாமம். நாமத்தின் வடிவத்துக்காகக் கோர்ட்டு வரை போன ஊரில் பிறந்த கண்ணுக்கு அது தப்புமா? படத்தை இன்னும் பெரிதாக்கச் சொன்னேன். நாமம் தெளிந்தது. பின்னங்காலில் சங்கிலியும் தெரிந்தது.

"ஐயா, இந்த யானைக்கு விலாசம் இருக்கிறது. நெற்றியிலேயே எழுதியிருக்கிறது" என்றேன். மேலதிகாரி பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு சுவரிலிருந்த வரைபடத்தைத் தானே கழற்றினார். "உங்கள் மாமா சொன்னதைக் கேட்டிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான் பேசினார். அன்று மாலையே இரண்டு தந்திகள் போயின.

அதன்பிறகு நடந்ததை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். சங்கிலி பிடித்து அளந்ததில் மிஞ்சியது இருநூற்று அறுபத்திரண்டு ஏக்கர். வெட்டு நிறுத்தப்பட்டது. புத்தகத்தில் அந்த எண்ணே அச்சாகிறது. பட்டியலிலேயே மிகச் சின்ன எண். அந்தப் பக்கத்தை நான் இரண்டு தடவை படித்தேன்.

அர்ஜென்டினாவுக்கு என்னை அழைத்துப் போகவில்லை. டிசம்பருக்குப் பிறகு என்ன என்றும் யாரும் சொல்லவில்லை. உங்கள் சரகம் போல இன்னும் எத்தனை சரகங்கள், எண் குறைந்தால் மெமோ வருமென்று பயந்து, வளர்ந்துகொண்டிருக்கின்றனவோ என்று மற்ற பேரேடுகளைப் புரட்டிப் பார்க்கிறேன். தூக்கம் வரவில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. கோயில் யானை என்று தெரிந்தும் அதை ஏன் எழுதினீர்கள்? ஏன் கடைசி வரை அடிக்கவில்லை? மற்றதையெல்லாம் வருஷா வருஷம் கூட்டினவர், பத்தொன்பது தாளிலும் அதை மட்டும் ஒன்று என்றே விட்டிருக்கிறீர்கள்.

காந்தா

ஓரிக்கை
24 ஜூன் 1972

என் கண்ணான மருமகள் காந்தாவுக்கு,

மெமோ வந்துவிட்டது. பதினெட்டு வருஷமாக எதற்குப் பயந்து காடு வளர்த்தேனோ, அதே மெமோ. வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். பென்ஷன் விசாரணைக்குப் பிறகாம். அக்காவிடம் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "காந்தா எப்ப வருவா?" என்றாள். உனக்குத்தான் அந்தக் கேள்வி.

லாரிகள் போய்விட்டன. மேற்குப் பக்கம் மொட்டை அப்படியேதான் இருக்கிறது. இரண்டு மழை பெய்தும் ஒன்றும் தளிர்க்கவில்லை. பொன்னியம்மாள் மறுபடி சுள்ளிக்குப் போகிறாள். முன்பு மூன்று நாளில் சேர்ந்த கட்டுக்கு இப்போது ஐந்து நாள் ஆகிறதாம். அவள் என்னிடம் சிரிப்பதில்லை. இன்னும் திட்டவும் இல்லை.

இப்போது என் கடைசி வாக்குமூலம். இந்தக் கடிதங்களில் உனக்கு எழுதியதிலும் பொய் உண்டு. எனக்குக் காய்ச்சல் வரவில்லை. கையெழுத்துப் போட்டபோது கை கல்தூண் மாதிரி இல்லை, மூன்று தாள் கிறுக்கலாகி வீணாயிற்று. ஜீப்பில் நான் கத்தினேன் என்றேனே, அது கத்தல் இல்லை. முனகினேன். ரேஞ்சருக்கு மட்டும்தான் கேட்டது.

ஆனால் ஒன்று நிஜம், காந்தா. 1953-ல் ரேஞ்சர் ஆறாயிரம் போடச் சொன்னாரே, அதற்கு முந்தைய நாள் நான் ஒரு யோக்கியன். நிஜமாகவே எண்ணிவிடலாம் என்று படிவத்தை எடுத்துக்கொண்டு கருங்காலிமேட்டுக்குப் போனேன். தோளில் நீ இருந்தாய். வெயிலில் அரை மைல் நடப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அப்போது எதிரே அந்த யானை வந்தது. பின்னால் பாகன் வந்தான், நெற்றியில் நாமம் இருந்தது, எல்லாம் இருந்தது. நீ என் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு, "மாமா, யானை ஒண்ணு, எழுதிக்கோ" என்றாய். உன் கையிலேயே தாளைக் கொடுத்தேன். ஊரில் சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை. வளர்ந்த பிறகு நீயும் நம்பவில்லை.

அந்த முதல் வருஷத் தாளை எடுத்துப் பார். எண்களெல்லாம் மையில் இருக்கும், என் கை. யானைக்கு நேரே இருக்கும் ஒன்று மட்டும் பென்சிலில், கொஞ்சம் சாய்ந்து, கோட்டுக்கு வெளியே நிற்கும். அந்தப் பத்தொன்பது தாளிலும் நேரில் பார்த்து எண்ணி எழுதினது அது ஒன்றுதான். அதை நான் எப்படி அடிப்பேன்?

தணிகாசலம்